மீன் செத்து மிதந்தாத்தான் வெசமா

போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன், சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம், கண்மாய் முக்காவாசி பெருகிக் கெடந்துச்சு. காலைல வயலுக்குப் போனா சித்தப்பா நெல்லுல குலைநோய்க்கு மருந்தடிச்சு முடிச்சிட்டு டேங்க்க வடிகால்ல வச்சு அலசிக்கிட்டு இருக்காரு, பால் மாதிரி வெள்ளையா ஓடுது தண்ணி. நம்ம ஊர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுன்னு எல்லாம் தொடர் கண்மாய்தானே, இங்க வடியிறதுதான் கீழக் கண்மாய்க்கு வரத்து.

"சித்தப்பா, மீனுக்கு ஆகாதே"ன்னேன். "போடா, இது பூச்சி மருந்தா? பூஞ்சாண மருந்து. டப்பாவப் பாரு, சிவப்பு முக்கோணமா இருக்கு? இத்தனை வருசமா அடிக்கிறேன், ஒரு கெண்டை செத்து மிதந்து நீ பாத்திருக்கியா?"ன்னாரு.

நியாயமான கேள்விதான். ஆனா அந்த முக்கோணம் மனுசனுக்காகப் போட்டது, எலிக்குக் குடுத்துப் பாத்த கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள்ள குடுத்தே பாதி எலி செத்துட்டா சிவப்பு, 5000க்கு மேல குடுத்தாத்தான் சாகும்னா பச்சை. மீன் முட்டைய யாரு அதுல கேட்டா?

நான் எம்.எஸ்சி படிச்சப்போ ஜீப்ரா மீன் முட்டை வச்சுத்தான் ப்ராஜெக்ட். கடுகு சைஸ்தான் இருக்கும், கண்ணாடி மாதிரி உள்ள இருக்கிறது அத்தனையும் தெரியும். ரெண்டாம் நாள் மைக்ராஸ்கோப்ல வச்சா இதயம் துடிக்கிறத எண்ணலாம், மூணாம் நாளைக்குள்ள பொரிஞ்சிரும். சித்தப்பா அடிச்ச இதே அசாக்ஸிஸ்ட்ரோபின் மாதிரி பூஞ்சாண மருந்து கலந்த தண்ணில வளந்ததப் பாத்தா இதயத்தச் சுத்தி நீர் கோத்து பை மாதிரி வீங்கியிருக்கும், துடிப்பு மெதுவாயிரும், முதுகு வளைஞ்சு வால் ஒரு பக்கமா மடங்கியிருக்கும். காரணம் ஒண்ணும் பெரிய மர்மம் இல்ல, அந்த மருந்து பூஞ்சாணத்தோட செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவ நிறுத்தித்தான் கொல்லுது, மைட்டோகாண்ட்ரியா மீனுக்கும் இருக்கே. விதை நேர்த்திக்கு கிலோவுக்கு 2 கிராம் கலக்குறோமே கார்பன்டசிம்னு இன்னொரு பூஞ்சாண மருந்து, அது செல் பிரியிறதத் தடுக்கும், முட்டைக்குள்ள குஞ்சு உருவாகுறதே செல் பிரிஞ்சு பெருகித்தான்.

வால் மடங்குன குஞ்சு மிதக்காது சித்தப்பா, அடில போயி விழும், இல்லன்னா இன்னொரு மீன் தின்னுட்டுப் போயிரும். அப்புறம் எங்கேருந்து நாம பாக்குறது.

இதுல கொடுமை என்னன்னா ரெண்டும் ஒரே சீசன், புதுத்தண்ணிக்கு மீன் ஏறி ஓரத்துப் புல்லுல முட்டை ஒட்டுறதும் மழையும் பனியுமா நெல்லுக்கு நோய் எறங்குறதும். மாசி பங்குனில ஊத்தாக் கூடை போட்டு மீன் புடிக்கிறப்ப கெண்டை கொறஞ்சு போச்சு, வெறும் ஜிலேபி மீன்தான்னு ஊரே பொலம்புது. அதுக்கு மருந்து மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், தண்ணி நிக்கலன்னா எந்த மீனு வளரும். ஆனா செவப்புக் குஞ்சுகள மேச்சுக்கிட்டு நின்ன விரால நான் தூண்டில்ல புடிச்சதுக்கு சின்ன வயசுல முதுகுல ரெண்டு வச்சது இதே சித்தப்பாதான், அதச் சொன்னேன், சிரிச்சாரு.

அப்புறம் கேட்டாரு, "குலைநோய் வந்து மொத்தமும் பதரானா நீயா வந்து சோறு போடுவே?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடிக்க வேணாம்னு சொல்லல, அலசுற தண்ணிய வடிகால்ல விடாம அதே வயல்ல அடிச்சு விட்ருங்க, அவ்வளவுதான்னேன்.

மறுநாள் பக்கத்து வயல்ல அடிச்சாரு. டேங்க்ல ஒரு குடம் தண்ணி ஊத்திக் குலுக்கி, "படிக்க வச்சது தப்பாப் போச்சு"ன்னு மொனங்கிக்கிட்டே இன்னொரு நடை வயலுக்குள்ள எறங்குனாரு.