அணையா அடுப்பின் முன்னால்

வடலூர் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஜோதி தரிசனம் நடக்கிற ஞானசபைக்குத்தான் நடப்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கிய நான், பசி தாங்காமல் நேராக, வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிற தருமச்சாலைக்குள் நுழைந்துவிட்டேன். அதுவே நல்லதாகப் போயிற்று.

உள்ளே 21 அடி நீளத்துக்கு அடுப்பு. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய நெருப்பு, இன்னும் அணையவில்லை. விறகுப் புகை கண்ணைக் கரித்தது. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னொரு பக்கம் சட்டையில் சிமெண்ட் ஒட்டியிருந்த ஒரு கொத்தனார். என்ன ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. அன்னக்கூடையோடு வந்த வயதான அம்மா என் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா, சோத்துக்கு எதுக்குக் கூச்சம்?" என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவரோடு சேர்ந்து நானும் இலை எடுத்தேன்.

இலை எடுக்கும்போது என் பள்ளிப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

நான் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. பல வருஷமாக விடிகாலை ஐந்து மணிக்குத் தியானத்தில் உட்காருகிறேன். அது எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. கோபம் குறைந்தது, அப்பா போன துக்கத்தைத் தாங்க முடிந்தது. அப்படி ஒரு நாள், மனசெல்லாம் நிறைந்து பள்ளிக்குப் போயிருந்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கண் முன்னாலேயே சுருண்டு விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "நேத்து ராத்திரி வீட்ல சோறு ஆக்கல டீச்சர்" என்கிறான். தினமும் என் முன்னால் உட்காருகிற பிள்ளை. என் அமைதி அவன் பசியைக் கண்டுபிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் நான் பிஸ்கட் வாங்கிப் போனேன். அப்புறம் 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். பிஸ்கட் பொட்டலம் தேவைப்படாமல் போனது. அவனும் அதன்பின் விழவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஞானசபை முன்னால் கூட்டத்தோடு நின்றேன். ஆறு மணிக்கு முதல் தரிசனம். கறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஏழு திரைகள் விலகின. "அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்ல, கண்ணாடியில் ஒளி தெரிந்தது. சில நொடிதான். உடம்பு சிலிர்த்தது, கண்ணீர் வந்தது. அது உண்மையான அனுபவம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அடுப்பு 1867இல், இந்தச் சபையின் முதல் தரிசனம் 1872 ஜனவரி 25இல் என்பதையும் அங்கேயே நினைத்துக்கொண்டேன். வாடிய பயிரைக் கண்டு வாடியவர், முதலில் சோற்றுக்கு வழி செய்துவிட்டுத்தான் ஜோதிக்கு இடம் கட்டினார். அந்த வரிசையை நாம் ஏன் இவ்வளவு சுலபமாக மறந்துவிட்டோம்?

பிறகு பக்கத்திலிருக்கிற மேட்டுக்குப்பம் போனேன். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறைந்த அறை அங்கே இருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்தபோது ஒரு கணக்கு மனசை அறுத்தது. அவர் மறைந்து இரண்டே வருஷத்தில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். ஆனால் அந்த நேரத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு, நாள் முழுக்க மண் சுமந்தாலும், ஏறக்குறைய 450 கிராம் தானியத்துக்கான காசும் மேலே கொஞ்சம் சில்லறையும் கூலியாகப் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி நிர்ணயித்தார். வடலூரில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தேடி வந்தவருக்கு அது சோறு போட்டது. நடக்கத் தெம்பில்லாமல் எங்கோ விழுந்துகிடந்தவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கப்பலை நிறுத்த ஒரு அடுப்பால் முடியாது, ஒரு ஞானியின் கருணையாலும் முடியவில்லை. அதற்குச் சட்டமும் அரசும் வேண்டும், அந்த அரசைக் கேள்வி கேட்கிற ஜனங்களும் வேண்டும்.

இதைச் சொன்னால் வள்ளலாரைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் வருத்தப்படலாம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்தது. மனசு இளகினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லையே. பார்வதிபுரம் ஊர்க்காரர்களிடம் நிலம் பெற்று, அடுப்பு கட்டி, தனக்குப் பின்னும் நடக்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டல்லவா போனார்.

கிளம்புவதற்கு முன் மறுபடி தருமச்சாலைக்குப் போனேன். அந்த அம்மா அதே இடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஜோதி பாத்தியாம்மா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "சரி, அந்தப் பூசணியை இப்படி எடு" என்றார்.

அன்று விழுந்த அந்தப் பள்ளிப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகிறான். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பேருந்தில் திரும்பும்போது ஒரு நோட்டை எடுத்து, ஆறிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாடு வேண்டும் என்று மனு எழுத ஆரம்பித்தேன். பண்ருட்டி வருவதற்குள் ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போக வேண்டும்.