பழைய சுசுகி எஸ்ஜே413: பழுது தீர்ந்த பிறகே மாற்றம்

பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே விசாரிக்கத் தொடங்குவது பெரிய டயரையும் வண்டியை உயர்த்தும் கிட்டையும்தான். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் என் எஸ்ஜே413-க்கு அடியில் நான் கழிக்கும் வார இறுதிகளில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதிலேயே செலவாகிறது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும் வண்டியில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால், அந்த ஆட்டம் அடுத்த பாகத்துக்குப் போய்ச் சேருமே தவிர மறையாது.

1984-இல் வந்த இந்த மாதிரி, 970 சிசி இன்ஜினும் நான்கு கியரும் கொண்டிருந்த எஸ்ஜே410-இன் வாரிசு. இதில் 1324 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் உண்டு. ஏணி வடிவச் சட்டகம், முன்னும் பின்னும் ஒரே துண்டான கனத்த ஆக்ஸில், நான்கு மூலைகளிலும் பட்டை வில், ஒரு டன்னுக்கும் குறைவான எடை என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும் எளிய அமைப்பு. இன்ஜினின் பலம் குறைவுதான் என்றாலும் கியர் விகிதம் அதை ஈடுகட்டிவிடுகிறது. முதல் கியரின் 3.65, முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலையான 2.27, அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் 3.73 ஆகிய மூன்றையும் பெருக்கினால், இன்ஜின் ஏறத்தாழ 31 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கற்கள் நிறைந்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டி ஊர்ந்து ஏறுவது இதனால்தான்.

இந்த வண்டிகளில் அநேகமாக எல்லோரும் ஒருநாள் செய்தாக வேண்டிய வேலை முன் ஆக்ஸிலின் நக்கிளைப் பிரித்துச் சீல் மாற்றுவது. ஆக்ஸில் குழாயின் முனையில் பந்து போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி நக்கிள் திரும்பும்போது சக்கரமும் திரும்புகிறது. டிஃபரன்ஷியலில் இருக்கும் கியர் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஒரு சிறிய சீல். அது தேய்ந்ததும் ஆயில் மெல்ல நக்கிளுக்குள் புகுந்து, அங்கே சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் ஜாயின்ட்டைக் காக்க வைத்திருக்கும் கிரீஸைக் கரைத்து, பந்தைத் துடைக்கும் வளையத்தின் வழியே கசிந்து சக்கரத்தின் உட்புறமெல்லாம் பரவுகிறது. வெளியே தெரியும் வளையத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கசிவு நின்றுவிட்டதாக நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வாரங்களில் ஆயில் மறுபடியும் சொட்டத் தொடங்கும், ஏனென்றால் குற்றவாளி உள்ளே அப்படியே இருக்கிறது.

சக்கரம், பிரேக், ஹப், ஸ்பிண்டில் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஷாஃப்ட்டை வெளியே இழுத்தால், சாம்பல் நிறத்தில் கூழாகிப்போன கிரீஸ் கை நிறைய வழியும். அதை வழித்தெடுத்து மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் உண்மை நிலை தெரியவரும். ஜாயின்ட்டின் குண்டுகள் ஓடும் பள்ளங்களில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் எங்கேயாவது சிக்கினால் அங்கே உலோகம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு, நக்கிள் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்களின் பேரிங்குகளை மாற்றாமல் மூடுவது வீண் சிக்கனம். அவற்றின் இறுக்கத்தை மேல் கிங்பின்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். ஷிம்மை எடுக்க எடுக்க இறுக்கம் கூடும். ஸ்டீயரிங் ராடை மாட்டுவதற்கு முன், நக்கிளின் முனையில் ஒரு கொக்கித் தராசைக் கோத்து இழுத்து, எவ்வளவு விசையில் அது அசையத் தொடங்குகிறது என்பதைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும் அளவோடு ஒப்பிடலாம். குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்குவதுபோல் நடுங்கும் கோளாறு பலருக்கும் தலைவலியாக இருக்கிறது. அதற்காக அதிர்வைத் தணிக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் தளர்ந்திருப்பது கிங்பின் பேரிங்கோ பட்டை வில்லின் முனைகளில் மெத்தைபோல் இருக்கும் புஷ்ஷோதான்.

மாற்றங்களில் எனக்குச் சற்றும் தயக்கமில்லாதது ஆக்ஸிலின் மூச்சுக்குழாயை நீட்டுவது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. மூச்சுத்துளை நீருக்குள் மூழ்கியிருந்தாலோ சேற்றில் அடைத்துக்கொண்டிருந்தாலோ, அந்த வழியாகவோ சீலின் விளிம்பு வழியாகவோ தண்ணீர் உள்ளே போகும். ஆயிலைத் தாங்கும் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை இன்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. வேலை ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கும். விளம்பரங்களில் இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் இதில் யாருக்கும் பெரிய வியாபாரம் இல்லை.

டயர் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15-இன் விட்டம் ஏறத்தாழ 704. வித்தியாசத்தில் பாதிதான் வண்டியின் அடிப்பகுதியை உயர்த்தும், அதாவது 18 மில்லிமீட்டர். அதற்கு விலையாக சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைந்துவிடுகிறது. முள் 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 63-இல் போகும். இந்த அளவை 1324 சிசி இன்ஜின் தாங்கிக்கொள்கிறது. இதற்கு மேலே போனால் ஐந்தாவது கியர் அலங்காரப் பொருளாகிவிடும் என்பது என் கருத்து.

பட்டை வில்லின் ஒரு முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போட்டு மலிவாக உயர்த்தும் வழியை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐம்பது மில்லிமீட்டர் நீளம் கூட்டினால் கிடைப்பது இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரம்தான். அதோடு, இந்த வண்டியில் முன் ஷேக்கிள் வில்லின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டும்போது ஆக்ஸிலின் தலை முன்பக்கமாகச் சாய்ந்து கிங்பின்னின் பின்சாய்வு குறைகிறது. திருப்பிய ஸ்டீயரிங்கைத் தானாக நேர்நிலைக்குக் கொண்டுவருவதே அந்தச் சாய்வுதான். அது குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக அலையும். ஓட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் களைத்துப்போவார்.

பயணத்தைப் பொறுத்தவரை, பெரிய பழுதுக்குப் பிறகு முதல் ஓட்டம் வீட்டுக்குத் திரும்ப முடிகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி. வழியில் நிறுத்தும்போதெல்லாம் நான்கு ஹப்புகளையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே பேரிங் அளவுக்கு மீறி இறுகியிருக்கும் அல்லது பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கும். வில்லைக் கழற்றி மாட்டியிருந்தால், அதை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு-போல்ட்டுகள் முதல் ஓட்டத்திலேயே சற்றுத் தளரும் என்பதால் அவற்றை மறுபடி முடுக்குவதும் இதோடு சேர்ந்தது.

மணலில் இறங்குவதற்கு முன் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்துவிடுகிறேன். டயரின் தடம் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது. எடை குறைந்த இந்த வண்டிக்கு அதுவே போதுமான பிடிப்பைத் தருகிறது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பாமல் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறி டயர் கெட்டுவிடும். அதேபோல் நான்கு சக்கர இயக்கத்தையும் அங்கே விடுவித்தாக வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன, அந்த வித்தியாசத்தைத் தீர்க்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண் தரையில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சமன்செய்துகொள்ளும், கெட்டியான சாலையில் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறிக்கொண்டே போகும். நெம்புகோல் நகர மறுக்கும்போது அதோடு மல்லுக்கட்டாமல் வண்டியைச் சிறிது பின்னோக்கி நகர்த்தினால் முறுக்கு அவிழ்ந்து தானாக விடுபடும்.

ஆற்றைக் கடந்துவந்த வண்டியை ஓரிரவு சும்மா நிறுத்திவைத்து, மறுநாள் காலை டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் உள்ளே புகுந்திருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் இரண்டும் கடைந்து கலந்துவிட்டன என்று பொருள்; முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதைத் தவிர வழியில்லை. பிறகு சட்டகத்தின் வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் சேற்றை ஒரு கம்பியால் குத்தி எடுத்து, உள்ளே தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். வெளியே பளபளக்கும் பல வண்டிகளின் சட்டகம் உள்ளுக்குள் துருப்பிடித்துப்போவது இந்தத் துளைகளைக் கவனிக்காததால்தான்.

அடுத்து என் பட்டியலில் இருப்பது பின் வில்லின் புஷ்கள். பாலியூரித்தேன் புஷ் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது விறைப்பானது. கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிடும். சக்கரம் ஏறி இறங்கும்போது வில் முறுக்கிக்கொள்ள வேண்டிய நெகிழ்ச்சியையும் குறைத்துவிடும். அதனால் ரப்பரையே போடப்போகிறேன். ரப்பர் புஷ் தன் உடலை முறுக்கித்தான் அசைகிறது என்பதால், வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதுமே அது முறுக்கேறிய நிலையில் நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பின்பக்கத்தைச் சில முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி முடுக்கு.