கரண்ட் போன நேரத்துக் கோலிக்குண்டு

யாங்கோனில் நேற்றும் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அண்ணன் வீட்டில் நாங்கள் மூன்று பேர், நடுவில் பிஸ்கட் டின் நிறையக் கோலிக்குண்டு. "தம்பி, இதுதான் நேரம். அந்த டார்ச்சை எடு" என்றார்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். டின்னுக்குள் அடித்ததும் வெளிர்மஞ்சள் குண்டு ஒன்று மட்டும் பச்சையாகப் பற்றிக்கொண்டது. மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் லேசாக இப்படிக் காட்டும். ஆனால் 395 நானோமீட்டர் டார்ச்சுக்கும் பளிச்சென்று இருந்ததால் யுரேனியம் கலந்த கண்ணாடிதான் என்று முடிவு கட்டினோம். அண்ணி எட்டிப் பார்த்து, "இதையா சாமி அலமாரியில் வைத்திருந்தீர்கள்?" என்றார். கதிர்வீச்சு ரொம்பக் குறைவு அண்ணி, பயப்பட வேண்டாம் என்றோம். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் என் முறை. பல வருடமாக ஜெர்மன் குண்டு என்று நான் பீற்றிக்கொண்டிருந்ததைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தார்கள். பழைய ஜெர்மன் குண்டு கையால் செய்தது. அப்படியென்றால் கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டிய தழும்பு முனையில் இருக்க வேண்டும். என்னுடையதில் மருந்துக்கும் இல்லை. "மச்சான், இது சோடா பாட்டில் குண்டுடா!" 1872இல் ஹிராம் காட் காப்புரிமை வாங்கிய பாட்டில், நம் கோலி சோடாவேதான். அளந்து பார்க்கலாம் என்றால் டிஜிட்டல் காலிப்பரில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. அப்பா காலத்து இரும்பு வெர்னியர்தான் கைகொடுத்தது. அதற்கு எந்தக் கரண்டும் வேண்டாம்.

கரண்ட் வந்ததும் போனை சார்ஜில் போட ஓடினோம். அந்த அவசரத்தில் என் சோடாக் குண்டு பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டது. இன்னும் அகப்படவில்லை.