60,000 கோடிக்கு நடுவில் ஒன்று

ஓரணுத் தடிமன் கார்பன் படலமான கிராஃபீனில் ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டர், அதாவது எலக்ட்ரானை ஒவ்வொன்றாக மட்டும் கடக்க விடும் சுவிட்ச், செய்ய வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது, செதுக்குவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். கிராஃபைட்டைச் செலோடேப்பில் ஒட்டி ஒட்டிப் பிரித்து ஓரணுப் படலம் எடுப்பது, மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் 2004-இல் காட்டிய வழி. 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கானில் அது லேசான ஊதா நிழலாகத் தெரியும். அந்த நிழலைத் தேடியே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் எலக்ட்ரான் கற்றையால் வரைந்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அரித்தேன். நடுவில் எலக்ட்ரான் தங்க சுமார் 100 நானோமீட்டர் தீவு, இருபுறமும் ஒடுங்கிய கழுத்து.

அதுவரை எல்லாம் சரி. கம்பி இணைத்து அளந்தால் மின்னோட்டமே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கழுத்து இருந்த இடம் வெடித்துப் போயிருந்தது. இரண்டாவது சிப்பும் அப்படியே. சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கையில எர்த் பட்டை போட்டிருந்தியா?"

போடவில்லை. உடம்பில் சேரும் நிலைமின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கிவிடும் மணிக்கட்டுப் பட்டை அது. நம் உடம்பின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிகோஃபாரட். வறண்ட ஏசி அறையில் நடந்தாலே 1,000 வோல்ட் ஏறிவிடும். கணக்குப் போட்டேன்: 60,000 கோடி எலக்ட்ரான். ஒன்றைப் பிடிக்கப் போனவன் அத்தனையையும் விரல் நுனியில் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

மூன்றாவது சிப்புக்குப் பட்டையும் போட்டேன், சிப்பின் கால்களையெல்லாம் எர்த்தோடு சேர்த்தும் கட்டினேன். திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினுக்கு இறக்கினேன். இவ்வளவு சிறிய தீவில் கூடுதலாக ஓர் எலக்ட்ரான் ஏற ஏறத்தாழ 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். அறை வெப்பமே 25 கொடுத்துவிடும். யாரும் வரலாம், போகலாம். 4.2 கெல்வினில் கிடைப்பதோ 0.36தான். உள்ளே இருப்பது இறங்காமல் அடுத்தது ஏற முடியாது.

தீவில் எலக்ட்ரான் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் மின்முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று ஒரு கூர்முனை, மறுபடி பூஜ்யம். உச்சியில் சில பிகோஆம்பியர்தான். ஒரு பிகோஆம்பியர் என்றாலே வினாடிக்கு 60 லட்சத்துக்கு மேல் எலக்ட்ரான்; ஆனால் ஒவ்வொன்றாக. சீப்புப் பல் மாதிரி வரிசை, நடுவில் சில பற்கள் கோணல். ஆக்சைடில் சிக்கிய மின்னூட்டமும் கழுத்தின் கரடுமுரடான ஓரமும் பார்க்கிற வேலை அது. எனக்கு அந்தக் கோணல்தான் பிடித்திருந்தது.

"ஹீலியம் தீர்றதுக்குள்ள வைரத்தையும் எடுத்துடு," என்றார் அக்கா. கேட், எலக்ட்ரான் நுழையும் முனையான சோர்ஸ் இரண்டின் மின்னழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால், மின்னோட்டம் ஓடாத இடங்கள் வைர வடிவில் விழும். விடிய விடிய எடுத்தேன். காலையில் டீ கிளாஸை வாங்கும்போதுதான் பார்த்தேன், பட்டை இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தது.