மழைக்கு எந்தச் சுருதி?

ஒரு கண்காட்சிக்காகத் தாம்பரத்தின் தினசரி மழை அளவை ஒலியாகவும் படமாகவும் மாற்றித் தரும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. எடுத்துக்கொண்ட கருவி ப்யூர் டேட்டா. மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய இலவச மென்பொருள்; அதற்கு முன் பாரிஸின் இர்காம் என்ற இசை ஆராய்ச்சி மையத்தில், இதே வகை மென்பொருளான மேக்ஸை உருவாக்கியவரும் அவரே. வரிவரியாக நிரல் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து வயரால் இணைத்தால் எண்கள் ஓடத் தொடங்கிவிடும்.

மெட்ரோ என்ற பெட்டி 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை தட்டும். ஒரு தட்டுக்கு ஒரு நாள் மழை. வருடம் சுமார் 18 வினாடியில் முடிந்துவிடும். அதே எண் ஒரு வயரில் ஒலியெழுப்பும் ஆஸிலேட்டர் பெட்டிக்கும், இன்னொன்றில் ஜெம் என்ற பட வரைவு இணைப்பு வரையும் கோளத்துக்கும் போகும். இது வரைக்கும் ஒரு மத்தியானம் போதும்.

எந்த அளவுக்கு எந்தச் சுருதி என்பதில்தான் சண்டையே. 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மில்லிமீட்டரை அப்படியே 200 ஹெர்ட்ஸுடன் கூட்டினால் அந்த நாள் 690க்குப் பாயும், 2 மி.மீ. தூறல் 202, 5 மி.மீ. மழை 205. இவ்வளவு சின்ன வித்தியாசம் அந்த வேகத்தில் யார் காதில் விழும்? காது கேட்பது விகிதத்தை: 220லிருந்து 440க்குப் போனாலும், 440லிருந்து 880க்குப் போனாலும் ஒரே ஒரு ஸ்தாயி ஏற்றம்தான். அதனால் லாகரிதம் எடுத்தோம். தூறல்கள் தனித்தனியாகக் கேட்டன. ஆனால் வெள்ளம் வந்த நாள் அடங்கிப்போனது. "இது பொய் சொல்கிறதே" என்றார் சக ஊழியர் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் சுருதிக்கு லாகரிதம், கோளத்துக்கு நேரடி அளவு என்று பிரித்தோம். அங்கும் ஆரத்தை மழையோடு பெருக்கினால், மழை இரண்டு மடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காக வீங்கும். ஆகவே ஆரத்துக்கு வர்க்கமூலம்.

பார்த்தாலே புரியும் நிரல் என்று ப்யூர் டேட்டாவைச் சொல்வார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பெரும்பாலான பெட்டிகள் இடது முனைக்கு எண் வந்தால்தான் வேலை செய்யும்; வலது முனை வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். எது முதலில் போகிறது என்பது வயரைப் பார்த்தால் தெரியாது. ட்ரிகர் பெட்டி போட்டு வரிசையைக் கட்டினால்தான் நிம்மதி.

அப்புறம் பதிவே இல்லாத நாட்கள். மழையில்லாத நாளுக்கு மௌனம், சரி. அளவு எழுதப்படாத நாளுக்கும் மௌனமே கொடுத்தால் அன்று வெயிலடித்தது என்றாகிவிடும். அதற்கு லேசான இரைச்சல் வைத்தோம். காதுக்கு உறுத்துகிறது, எடுத்துவிடலாமா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ஒலியைக் கொஞ்சம் குறைத்தோம், எடுக்கவில்லை.