பிளைத்பரா நாட்குறிப்பு

13 ஜூன் 2024, வியாழன்

இப்ஸ்விச்சில் ரயில் மாறி, ஹேல்ஸ்வொர்த்தில் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டு டாக்சியில் பிளைத்பராவை அடைந்தபோது மதியம் 2 மணி. கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் இந்தப் பகுதி தட்டையான பூமி. கடல் வற்றும்போது சேறாகவும் பெருகும்போது தண்ணீராகவும் மாறும் பிளைத் ஆற்றின் கழிமுகத்துக்கு மேலே, ஒரு சிறு மேட்டில், தூய திரித்துவ ஆலயம் நிற்கிறது. 'சதுப்பு நிலத்தின் பேராலயம்' என்று அதைச் செல்லமாக அழைக்கிறார்கள். உண்மையில் அது பேராலயம் அன்று. ஒரு சிறு கிராமத்தின் பங்கு ஆலயம்தான்.

இத்தனை சிறிய ஊருக்கு ஏறத்தாழ 127 அடி நீளத்தில் ஓர் ஆலயம் எதற்கு என்ற கேள்வி யாருக்கும் எழும். 15ஆம் நூற்றாண்டில், கோபுரத்தை மட்டும் பழையபடி விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் புதிதாகக் கட்டியபோது, பிளைத்பரா படகுகள் வந்துபோகும் துறைமுக ஊராகவும், துறவியர் மடம் ஒன்றைக் கொண்ட ஊராகவும் இருந்தது. பிறகு ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெரிதாயின, மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த 1530களில் இங்கிருந்த மடமும் மூடப்பட்டது. ஊர் சுருங்கிவிட, ஆலயம் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. இடித்துப் புதுப்பிக்கப் பணம் இருந்திருந்தால் இன்று நான் பார்க்க வந்தது வேறு ஏதோ ஒரு கட்டடமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாலைவரை வெளிச்சுவரையே சுற்றிக்கொண்டிருந்தேன். இப்பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. நிலத்தில் அகப்படுவது சிக்கிமுக்கிக் கல்தான். அதை இரண்டாக உடைத்து, மினுங்கும் கருமுகம் வெளியே தெரியும்படி பதித்து, படகில் வந்த வெளிர்கல்லை அதற்குச் சட்டமாக அமைத்திருக்கிறார்கள். உடைந்த முகத்தை விரலால் தடவினால் கண்ணாடிபோல் வழுக்குகிறது. ஓரத்தில் பழைய தோலின் வெண்மை சுண்ணாம்புபோல் ஒட்டியிருக்கிறது. கீழைச் சன்னலுக்கு அடியில் இதே வேலைப்பாட்டில் மகுடம் சூடிய ஒற்றை எழுத்துகள் வரிசையாக உள்ளன. லத்தீன் அர்ப்பண வாசகம் ஒன்றின் முதலெழுத்துகள் அவை என்று விளக்கம் சொல்கிறார்கள்.

14 ஜூன் 2024, வெள்ளி

இன்று உள்ளே. கதவைத் தள்ளியதும் முதலில் தெரிவது வெளிச்சம். நடுக்கூடத்தின் தூண்களுக்கு மேலே பக்கத்துக்கு 18 சன்னல்கள். பழைய வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டதால் வெறும் வானமே உள்ளே இறங்குகிறது. இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடக் கலையில் கடைசிக் கட்டமான 'பெர்பெண்டிகுலர்' பாணியின் குறிக்கோளே சுவரைக் குறைத்துச் சன்னலைக் கூட்டுவதுதான் என்பதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்தது கண்ணுக்குப் புரிந்தது இன்றுதான். தரை செங்கல், சுவர் வெள்ளை, மரம் வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம்.

மேலே, ஏறக்குறையத் தட்டையான மரக்கூரையில், நடு உத்தரங்களில் வானதூதர்கள் முதுகோடு முதுகு ஒட்டி, ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் நோக்கிச் சிறகு விரித்திருக்கிறார்கள். பைனாகுலரில் பார்த்தேன். சிறகுகளில் இறகு இறகாகச் செதுக்கிய கோடுகளும், பலகைகளில் மங்கிய சிவப்பும் பச்சையுமாகப் பூக்களும் தெரிந்தன. பிற்காலத்தில் யாரும் மேற்பூச்சுப் பூசாத இடைக்கால வண்ணம் அது.

இந்த வானதூதர்களைச் சுட்டுச் சிதைத்தவர் வில்லியம் டௌசிங் என்பது நெடுநாளைய பேச்சு. ஆலயங்களிலுள்ள 'மூடநம்பிக்கை'ச் சின்னங்களை அழிக்க, இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றத் தரப்பினர் அமர்த்திய ஆள் அவர். 1644 ஏப்ரலில் இங்கு வந்து, 20 வானதூதர்களை இறக்கும்படி உத்தரவிட்டதாகத் தம் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். உத்தரவிடுவது எளிது, அத்தனை உயரத்துக்கு ஏணி கட்டி ஏறுவது வேறு வேலை. ஊர்க்காரர்கள் ஏறவில்லை போலும். 20ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பின்போது கூரை மரத்தில் ஈய ரவைகள் அகப்பட்டன. ஆனால் அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்ளே புகுந்து கூடு கட்டிய ஜாக்டா என்னும் சிறு காக்கைகளைச் சுடுவதற்காக வெடிமருந்துக்கும் ரவைக்கும் கொடுத்த பணம், ஆலயக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது. வானதூதர்கள்மீது பாய்ந்தது மதவெறி அன்று, குறி தவறிய ரவை. டௌசிங்கிடம் எனக்கு எந்தப் பரிவும் இல்லை. அவர் பாழாக்கிய கண்ணாடிகளும் சிலைகளும் கணக்கில் அடங்கா. செய்யாததையும் அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

15 ஜூன் 2024, சனி

பேருந்தைத் தவறவிட்டதால் தாமதமாகத்தான் போக முடிந்தது. இன்று வடக்குக் கதவு. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு வழிபாட்டின்போது பெரும் இடி விழுந்து, கோபுரத்தின் ஊசிமுனை முறிந்து, கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஓர் ஆளும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். இங்கும், அதே நாளில் பங்கே என்னும் ஊரின் ஆலயத்திலும், கறுப்பு நாய் உருவில் சாத்தான் புகுந்ததாக லண்டனில் துண்டுநூல் அச்சாயிற்று. இங்கே கதவிலுள்ள கருகிய தடங்களை அந்த நாயின் நகக்கீறல் என்றே காட்டுகிறார்கள்.

முழங்காலிட்டுப் பார்த்தேன். தடங்கள் கீறல் வடிவில் இல்லை. அடி அகன்று நுனி ஒடுங்கி, மெழுகுவத்திச் சுடரின் அச்சுபோல் இருக்கின்றன. தீயும் இடியும் அண்டாதிருக்க வேண்டுமென்று மரத்தில் வேண்டுமென்றே சுடரைக் காட்டிச் சூடு வைக்கும் வழக்கம் இருந்ததாகப் பழைய ஆங்கிலக் கட்டடங்களை ஆராய்ந்தவர்களில் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. எனக்குப் பின்னால் நின்ற சிறுமிக்கோ நாய்தான் வேண்டியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இருக்கைகளின் முனைகளில் பாவங்களை மனித உருவாகச் செதுக்கியிருக்கிறார்கள். பேராசைக்காரன் பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான், பெருந்தீனிக்காரன் தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், சோம்பேறி படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறான். கைகள் பட்டுப் பட்டு முகங்கள் தேய்ந்துபோயின. பாவத்தை முகத்தில் அன்றி வயிற்றிலும் பெட்டியிலும்தான் இப்போது அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, வழிபாட்டுக்கு வந்தவர்கள் உள்ளேயே குடை பிடித்ததாகச் சொல்கிறார்கள். 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தலையிட்டு, 'சீரமைப்பு' என்ற பெயரில் பழைமை முழுவதையும் துடைத்துவிடக் கூடாது என்று வாதாடியது. 1969இல் ஸ்னேப் ஊரின் இசையரங்கம் தீக்கிரையானபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் இசைவிழாவின் நிகழ்ச்சியை இங்கே மாற்றி நடத்தினார்.

16 ஜூன் 2024, ஞாயிறு

காலை வழிபாட்டுக்குப் போனேன். பீடப்பகுதியின் ஓரத்தில் 'கடிகார ஜாக்' என்னும் மரப்பொம்மை நிற்கிறது. 1682ஆம் ஆண்டு பொறித்த, தாடி வைத்த சிறு மனிதன். ஒரு காலத்தில் கடிகாரத்தோடு இணைந்து மணியடித்தவன், இப்போது கயிற்றை இழுத்தால் கையை ஓங்கி மணியைத் தட்டுகிறான். ஒரே ஒரு தட்டு, எல்லாரும் எழுந்தோம்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, கோபுரத்தைச் சுற்றி நாலைந்து ஜாக்டாக்கள் கத்திக்கொண்டிருந்தன. வாசலில் நின்ற பெரியவரிடம், "இவை இன்னும் இருக்கின்றனவே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆமாம், துப்பாக்கிதான் இல்லை" என்றார்.