நெறி கட்டியிருக்கு

பிப்ரவரி 13, வெள்ளி

பெட் ஸ்கேன் முடிந்தது. ஆறு மணி நேரப் பட்டினி. அப்புறம் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுக்க வைத்தார்கள். பேசினால் தொண்டைத் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் மின்னுமாம். ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பது இவருக்கு ஊசியைவிடப் பெரிய தண்டனை.

சில மணி நேரத்துக்குக் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வண்டியை எடுக்க, அவர் பின் சீட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "கிட்ட வராதே. இன்னிக்கு ராத்திரி லைட்டே போட வேண்டாம், நானே போதும்." சிரித்ததில் சிக்னல் பச்சையானது தெரியவில்லை. பின்னால் ஒரே ஹாரன்.

பிப்ரவரி 16, திங்கள்

மூன்றாம் நிலை. கழுத்தில், அக்குளில், வயிற்றுக்குள். டாக்டர் ஒரு தாளில் ஆள் உருவம் வரைந்து, உதரவிதானம் இருக்கும் இடத்தில் குறுக்கே கோடு போட்டார். கோட்டுக்கு மேலும் கீழும் இருந்தால் மூன்று. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. நெறிகளில் வருகிற புற்றுநோய். வேகமாக வளர்கிற வகை. வேகமாக வளர்கிறதற்குத்தான் மருந்தும் நன்றாகக் கேட்கும் என்றார். 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. குணமாக்குவதுதான் நோக்கம், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதிலேயே குணமாகிவிடுகிறது என்றார். அந்தப் "பாதிக்கும் மேல்" அவர் காதில் ஒரு மாதிரி விழுந்திருக்கிறது, என் காதில் வேறு மாதிரி. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று டாக்டர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பரில், பல் தேய்த்துக்கொண்டே வந்து கழுத்தைக் காட்டினார். தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு அளவு. நான்தான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். வலிக்குதா என்றேன். இல்லை என்றார். "நெறி கட்டியிருக்கு. வலிக்கலேன்னா ஒண்ணுமில்ல, தானா அமுங்கிடும்." அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். விஷயமே தலைகீழாம். வலிக்கிற நெறி பெரும்பாலும் ஏதோ கிருமியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நெறி. வலிக்காமல், அமுங்காமல், வாரக்கணக்கில் அப்படியே நிற்பதைத்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

டிசம்பரில் இன்னொரு தடவை காட்டினார். நான் போனிலிருந்து நிமிரவில்லை.

பிப்ரவரி 18, புதன்

எக்கோ எடுத்தார்கள். கீமோ மருந்துகளில் ஒன்று இதயத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால் முன்கூட்டியே பார்த்துவைக்கிறார்கள். 62 சதவீதம் பம்ப் செய்கிறதாம். "மீதி 38 எங்கே போச்சு?" என்று கேட்டார். 62 என்றாலே நல்ல இதயம்தான் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இவர் விளையாடுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாளைக்கு.

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கூடவே யூரிக் அமிலத்துக்கு ஒரு மாத்திரை. கட்டி ஒரேயடியாக உடைந்தால் அந்தக் கழிவெல்லாம் சிறுநீரகத்தில் போய் அடைக்குமாம். கட்டி உடையட்டும் என்று வேண்டுவதா, மெதுவாக உடையட்டும் என்று வேண்டுவதா?

ஐந்து மருந்துகள். வின்கிரிஸ்டின் என்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது என்று படித்தேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே சுவர் ஓரத்தில் முளைத்துப் பூத்துக்கொண்டிருக்குமே, அதுவேதான். அவரிடம் சொன்னேன். "கல்யாணியா? உன் சித்தி பேராச்சே" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ஒரு எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 100.4. அதைத் தொட்டால் மணி என்ன என்று பார்க்காமல் கிளம்பி வர வேண்டும். பழைய தெர்மாமீட்டரை நம்பாமல் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று என் வாயில் வைத்து நாலு தடவை பார்த்தேன். 0.2 வித்தியாசம். எது சரி?

பிப்ரவரி 23, திங்கள். நாள் 1

காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் மாலை ஆறே முக்காலுக்கு எழுந்தார்.

ரிடக்ஸிமாப் முதல் தடவை மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார்கள். இரண்டாவது முறை கூட்டியதும் குளிர்கிறது என்றார். போர்வையை எடுத்துத் திரும்புவதற்குள் பல் கிட்டிக்கொண்டு ஆடுகிறது. கட்டில் கம்பி கடகடவென்கிறது. நர்ஸ் ஓடிவந்து டிரிப்பை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, "முதல் தடவை நிறையப் பேருக்கு இப்படி வரும்மா" என்றார். முக்கால் மணி கழித்துப் பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த முக்கால் மணி நேரம் நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்தது அவருக்காக இல்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின். இதை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி ஏறும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கையாலேயே மெல்ல மெல்ல ஏற்றுகிறார். வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். வின்கிரிஸ்டின் பையில் ஒட்டியிருந்த சீட்டையும் படித்தேன். ரத்தக்குழாய் வழியாக மட்டும், வேறு வழியில் செலுத்தினால் மரணம் என்று போட்டிருந்தது. நித்தியகல்யாணி.

ராத்திரி பாத்ரூமிலிருந்து குரல். "வந்து பாரேன், ரோஸ் கலர்ல போகுது." சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

98.4. 98.6. 98.4.

பிப்ரவரி 24, செவ்வாய். நாள் 2

வெள்ளணு ஏற்றும் ஊசி. கீமோ முடிந்து 24 மணி நேரம் ஆன பிறகுதான் போட வேண்டும். எலும்பெல்லாம் குடையும் என்றார்கள்.

பிப்ரவரி 26, வியாழன். நாள் 4. அதிகாலை 3.10

தூக்கமில்லை. அவருக்கு. அதனால் எனக்கும்.

ப்ரெட்னிசோலோன் தினமும் 100 மில்லிகிராம், ஐந்து நாளைக்கு. புற்றணுவையும் அடிக்கும், ஆளையும் உட்கார விடாது. இரண்டரை மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனால் ஹால் முழுக்கக் காகிதம். அலமாரியைக் காலி செய்து தரையில் பரப்பி வைத்திருக்கிறார். கண் பளபளவென்று இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அலமாரியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

நீல ஃபைல் ஒன்றை நீட்டினார். வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்குகள், பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கிறது. மேலே "எல்லாம்" என்று எழுதியிருக்கிறார்.

"இது எதுக்கு இப்போ?"

"எப்பவாவது பண்ண வேண்டியதுதானே."

"அதான், இப்ப எதுக்கு?"

"மாத்திரை பண்ணுது, நான் பண்ணலை."

கத்திவிட்டேன். குப்பையைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள், யார் அள்ளுவது, தூசியில் உட்காரலாமா, முகமூடி எங்கே என்று. ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து காகிதம் அடுக்கினோம். என் பழைய சம்பளச் சீட்டுகளைக்கூடத் தேதி வாரியாக வைத்திருந்தார். அதுதான் தாங்கவில்லை.

ஃபைலை எங்கே வைத்தேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. நல்லதுதான்.

பிப்ரவரி 28, சனி. நாள் 6

மாத்திரை நேற்றோடு முடிந்தது. சுவிட்சை அணைத்த மாதிரி விழுந்துவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

மார்ச் 1, ஞாயிறு

நாலு நாளாக வயிறு போகவில்லை. வின்கிரிஸ்டின் குடலைத் தூங்க வைக்குமாம். கல்யாணமான நாளிலிருந்து மொத்தமாகப் பேசியதைவிட இந்த வாரம் இதைப் பற்றி அதிகம் பேசிவிட்டோம். தண்ணீர் இரும்பு மாதிரி இருக்கிறதாம். மரக் கரண்டி மாற்றிக் கொடுத்தேன். கரண்டியும் இரும்பு மாதிரிதான் இருக்கிறதாம்.

மார்ச் 2, திங்கள். நாள் 8

சண்டை. தெர்மாமீட்டரால்தான்.

"இன்னிக்கு இது எட்டாவது தடவை. நான் ஆளா, அடுப்பா?" என்றார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும், உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தால் இன்னொரு தடவை பாருங்கள் என்றுதான் தாளில் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் எட்டாம் நாளிலிருந்து பதினாலு வரைதான் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகிற நாட்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்க்காமல் விட்டவள் நான். போனிலிருந்து நிமிராதவள். இதை அவரிடம் சொல்லவில்லை. "சரி, பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, அவர் தூங்கின பிறகு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். என் கை ஜில்லென்று இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தேன். முழித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார், தெர்மாமீட்டருக்காக.

98.8.

மார்ச் 4, புதன். நாள் 10

சாயங்காலம் 100.2. ஒரு மணி நேரம் கழித்து 100.0. போனில் கேட்டேன். காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள், ஜுரத்தை மறைத்துவிடும், மணிக்கு ஒரு தடவை பாருங்கள் என்றார்கள். பை தயார்.

மார்ச் 5, வியாழன். நாள் 11

1.40க்கு 100.9. வண்டியில் போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் பேசாததுதான் எனக்கு ஜுரத்தைவிடப் பயம்.

அவசரப் பிரிவில் பெயர் எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் இருமுகிறவர்கள். கீமோ ஆன பத்தாம் நாள், ஜுரம், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று கவுண்டரில் சொன்னேன். பார்க்கிறோம்மா என்றார்கள். பத்து நிமிஷம். மறுபடி போய்ச் சொன்னேன். இருபத்தைந்து நிமிஷம். மூன்றாவது தடவை கொட்டை எழுத்துத் தாளை மேஜை மேல் வைத்து அடித்துக் கத்தினேன். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. உடனே ஒரு டாக்டர் வந்தார். அந்தக் கவுண்டர் பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அவனிடம் மன்னிப்பு கேட்கலாம் என்று விடிந்ததும் போனேன், ஷிஃப்ட் மாறிவிட்டது. யோசித்துப் பார்த்தால், எதற்குக் கேட்க வேண்டும்?

நியூட்ரோபில், கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணு, 200. 1500க்கு மேல் இருக்க வேண்டியது.

மார்ச் 7, சனி

99.1. எண்ணிக்கை 1400. "பாஸ் மார்க்கா?" என்றார். பேசுகிறார்.

மார்ச் 9, திங்கள். நாள் 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தையிடம் சொல்லியாகிவிட்டது. அவரேதான் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டு. அத்தை அழவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சின்ன வயசுலயே அவனுக்கு அடிக்கடி நெறி கட்டும். நான் என்னிக்கும் கண்டுக்கிட்டதில்ல" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ராத்திரி தனியாகக் கூப்பிட்டு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அத்தை என்று அரை மணி நேரம் விளக்கினேன். எவ்வளவு அழகாக விளக்கினேன்.

மார்ச் 12, வியாழன். நாள் 18

தலையணையில் முடி. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, ஒரு வாரமாக அவர் ஷேவ் பண்ணவே இல்லை. பண்ண ஒன்றும் இல்லை. கன்னம் பதினைந்து வயதுப் பையன் மாதிரி. கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கூப்பிட்டார்.

"கட்டியைக் காணோம்."

தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டுகிறார். நவம்பரில் நின்ற அதே இடம், அதே கண்ணாடி.

"தொட்டுப் பாரேன்."

"டாக்டர் பார்க்கட்டும்" என்றேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 14, சனி

தொண்டை கரகரக்கிறது. எனக்கு. கடவுளே, இப்போதா.

மார்ச் 15, ஞாயிறு

100.6. இது என்னுடையது. பின் அறைக்குக் குடிமாறிவிட்டேன். முகமூடி, தனித் தட்டு, தனித் துண்டு. நாத்தனார் வந்துவிட்டாள். "அண்ணி, நீங்க கதவைத் திறக்கவே கூடாது" என்று அதிகாரம் பண்ணுகிறாள். அவருக்கு 98.4. அவள் பார்த்துச் சொன்னாள். எந்தத் தெர்மாமீட்டரில் பார்த்தாள் என்று கேட்டேன். புதுசில்தான் என்றாள். புதுசு என்னிடம் அல்லவா இருக்கிறது?

ராத்திரி. எச்சில் விழுங்கும்போது தாடைக்குக் கீழே ஏதோ உறுத்தியது. விரலை வைத்துப் பார்த்தேன். நெறி கட்டியிருக்கிறது. அமுக்கினேன். வலிக்கிறது. நன்றாக அமுக்கினேன். நன்றாக வலிக்கிறது. இருட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். "தூங்கலையா?" என்றார்.

"நெறி கட்டியிருக்கு எனக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா?"

"நல்லாவே."

மூச்சை விடுவது கதவு வழியாகக் கேட்டது. அப்போது சொல்லிவிட்டேன், நவம்பரை, டிசம்பரை, போனை, எல்லாவற்றையும், முகமூடிக்குள்ளேயே. "எனக்கும்தான் கை இருந்தது, கால் இருந்தது, டாக்டர் வீடு தெரியும்" என்றார். "நானும்தான் போகலை. போய்ப் படு, காலைல எனக்கு ஊசி இருக்கு."

மார்ச் 16, திங்கள்

எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம். இரண்டாவது சுற்று உண்டு. நாத்தனார்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் இங்கே கதவுக்குள். எனக்கு 99.2.

9.15. ரிடக்ஸிமாப் ஏற ஆரம்பித்துவிட்டதாம்.

9.45. குளிர் இல்லை.

10.15. அவளுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை.

10.20. டீ குடிக்கப் போயிருந்தாளாம். அவர் பேசிக்கொண்டே இருக்கிறாராம், பக்கத்துக் கட்டில்காரரிடம், நித்தியகல்யாணியைப் பற்றி.